திருகோணமலையில் பேச்சு வைக்க ஆட்கள் இருக்கினமா?

வாசகர் கேள்வி, 2025 பெப்ரவரி 9

அக்கா, மாதம் ஒருக்கா ஊர் ஆட்களைப் பற்றிப் பேச்சு வைக்கப் போறதாக அறிவித்தல் பார்த்தேன். கலை, விஞ்ஞானம், தொழில்நுட்பம் எண்டு போட்டிருக்கிறீங்கள். நல்ல விசயம் தான். ஆனால் உண்மையைச் சொல்லுங்கோ, எங்கட ஊரில அப்பிடி ஆர் இருக்கினம்? கோயிலும் துறைமுகமும் தான் இருக்கு. ரெண்டு மூண்டு மாதத்தில ஆள் முடிஞ்சு போகும். பிறகு யாழ்ப்பாணத்தில இருந்தோ கொழும்பில இருந்தோ ஆரையாவது கூப்பிட்டு மாலை போட வேண்டியது தான்.

பெப்ரவரி 9, இரவு

ஆள் முடியாது தம்பி. முதலில் சில பெயர்களைப் போடுகிறேன், விளக்கம் பிறகு.

தி. த. சரவணமுத்துப்பிள்ளை. 1895 இல் 'மோகனாங்கி' எழுதியவர். தமிழின் முதல் வரலாற்று நாவல் அது. 1865 இல் இங்கே பிறந்து, சென்னையில் நூலகப் பணியில் இருந்து, 1902 இல் இளவயதிலேயே போய்விட்டார். அதற்கும் முன்னால், 1892 இல், பெண்களின் விடுதலையைப் பற்றி 'தத்தை விடு தூது' பாடியிருக்கிறார். 1892 இல், தம்பி. அவருடைய தமையன் கனகசுந்தரம்பிள்ளை பழந்தமிழ் ஏடுகளோடு மல்லுக்கட்டிய பதிப்பாசிரியர். மூதூரில் வ. அ. இராசரத்தினம். நாவலாசிரியை நா. பாலேசுவரி. தருமு சிவராமாக இங்கே பிறந்து பிரமிளாகத் தமிழ்நாட்டில் பெயரெடுத்த கவிஞர்.

இதெல்லாம் எழுத்துப் பக்கம் என்று சொல்வீர்கள். விஞ்ஞானத்துக்கும் ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயரில் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. இப்போது நித்திரை வருகிறது, நாளைக்கோ நாளையின்றைக்கோ எழுதுகிறேன்.

பெப்ரவரி 11

அவர் பேர்சி மோல்ஸ்வேர்த். 1867 இல் கொழும்பில் பிறந்தவர், பிரித்தானிய இராணுவத்தின் பொறியியல் படையணியில் அதிகாரி. வேலையாகத் திருகோணமலைக்கு வந்தவர், 1906 இல் ஓய்வு பெற்ற பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. 1908 இல் இங்கேயே இறந்தார். பகலில் இராணுவ வேலை, இரவில் தொலைநோக்கி. பன்னிரண்டரை அங்குல ஆடி பொருத்திய தெறிப்புத் தொலைநோக்கி அது. இன்றைக்கும் இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அந்த அளவில் ஒன்று கிடைத்தால் பெரிய காரியம்.

நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவள், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கப் போகிறேன். இங்கிலாந்தில் இருந்து பார்க்கிற வானியலாளருக்கு வியாழன் பல வருடங்கள் அடிவானத்துக்குக் கிட்டத் தான் தெரியும். அவ்வளவு தடித்த காற்றை ஊடுருவி வருகிற ஒளி துடித்துக்கொண்டே இருக்கும், படம் தெளியாது. நாங்கள் இருப்பது எட்டரைப் பாகை வடக்கில். கிரகங்கள் எங்களுக்கு உச்சந்தலைக்குக் கிட்ட வரும், காற்றின் தடிப்பு குறைவு. எங்கள் ஊரின் இருப்பிடமே அவருக்கு ஒரு கருவி. அதைப் புரிந்துகொண்டு தான் அவர் இங்கே இருந்து வேலை செய்தார்.

அவர் செய்த வேலை இது தான். வியாழனின் மேல் தெரிகிற ஒவ்வொரு புள்ளியும் கிரகத்தின் நடுக்கோட்டைக் கடக்கிற நிமிடத்தை மணிக்கூடு பார்த்து எழுதுவது. அதே புள்ளி அடுத்த சுற்றில் வரும்போது திரும்ப எழுதுவது. வியாழன் பத்து மணித்தியாலத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும், ஆனால் எல்லாப் பட்டையும் ஒரே வேகத்தில் சுற்றாது. நடுப்பட்டை ஏறக்குறைய 9 மணி 50 நிமிடம், அதற்கு வெளியே இருப்பவை 9 மணி 55 நிமிடம். அந்த ஐந்து நிமிட வித்தியாசத்துக்குள் தான் வியாழனின் காற்று எப்படி அடிக்கிறது என்ற கதை முழுக்க இருக்கிறது. ஆயிரக்கணக்கான தடவை இப்படி நேரம் குறித்திருக்கிறார். 1901 இல் வியாழனின் தென்பக்கத்துப் பட்டையில் ஒரு கருமையான குழப்பம் கிளம்புவதைக் கண்டார். அது கிட்டத்தட்ட நாற்பது வருடங்கள் அழியாமல் இருந்தது. அவர் போன பிறகும் மற்றவர்கள் அதைத் தொடர்ந்து பார்த்தார்கள்.

முதல் பேச்சு இவரைப் பற்றித் தான். முடிவு எடுத்தாயிற்று.

பெப்ரவரி 12

"வெள்ளைக்காரப் பட்டாளத்து ஆளை எங்கட ஆள் எண்டு சொல்லிக் கொண்டாட வேணுமோ" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, கோபமும் நியாயம் தான்.

நான் கொண்டாடப் போவது அவருடைய சீருடையை இல்லை. இந்த ஊரின் வானத்தைப் பார்த்து, உலகத்துக்குப் பயன்படுகிற ஒரு வேலையை, சம்பளம் இல்லாமல், சாகும் வரைக்கும் செய்த ஒருவரின் உழைப்பை. எங்கள் பிள்ளைகள் "திருகோணமலையில் இருந்து விஞ்ஞானம் செய்ய முடியுமா" என்று கேட்கிறபோது ஆம் என்று சொல்ல எனக்கு ஓர் ஆதாரம் வேண்டும். இதை விட நல்ல ஆதாரம் என்னிடம் இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்களும் வருவார்கள், பொறுங்கள்.

பெப்ரவரி 23

நேற்றுப் பேச்சு நடந்தது. மண்டபத்தில் அரை மணித்தியாலம், மிச்சம் கடற்கரையில். ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் தன்னுடைய சின்னத் தொலைநோக்கியைக் கொண்டு வந்து உதவினார். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தோம்: தாளில் நாணயத்தை வைத்து வட்டம் போட்டு, அதற்குள் வியாழனில் கண்டதை வரைய வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு கோடு போட்டார்கள், அது சரி தான், அந்தத் தொலைநோக்கியில் இரண்டு பட்டை தான் தெரியும். ஒரு பிள்ளை மட்டும் ஒரு கோட்டை மற்றதை விடத் தடிப்பாகப் போட்டிருந்தாள். "ஏன் பிள்ளை?" என்று கேட்டேன். "அப்பிடித் தான் இருந்தது." நான் திரும்பப் போய்ப் பார்த்தேன். அப்படித் தான் இருந்தது.

பிறகு, வலை இழுத்துக் களைத்து வந்திருந்த ஒரு பெரியவர் வரிசையில் நின்றார். அவருக்கு வியாழன் தேவையில்லை. மேற்கே பளிச்சென்று நின்ற வெள்ளியைக் காட்டி, "விடியக்காலமை வாற வெள்ளி இப்ப ஏன் பின்னேரம் நிக்குது?" என்று கேட்டார். எத்தனையோ வருடம் படிப்பித்திருக்கிறேன், இந்தக் கேள்வியை ஒரு மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினோம். வெள்ளி இப்போது பிறை வடிவில் இருக்கிறது. அவர் கண்ணை எடுக்கவே இல்லை. "இது பிறையெல்லோ" என்றார். பிறை ஏன் வருகிறது, வெள்ளி சூரியனைச் சுற்றி வருவதால் ஒரு காலம் விடியலிலும் ஒரு காலம் மாலையிலும் ஏன் தெரிகிறது என்று மணலில் கீறிக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்ப வாற மாசம் காணாமல் போய், பேந்து விடியக்காலமை வரும்" என்று தானே சொன்னார். அப்படித் தான் வரும்.

மோல்ஸ்வேர்த்தின் பள்ளத்தைப் பற்றி: செவ்வாயில் பெரிய பள்ளங்களுக்கு அந்தக் கிரகத்தை ஆராய்ந்து மறைந்தவர்களின் பெயரை வைப்பார்கள், சின்னப் பள்ளங்களுக்கு உலகத்துச் சிறு பட்டணங்களின் பெயர். இதைச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு பொடியன், "அப்ப ஒண்டுக்குச் சாம்பல்தீவு எண்டு வைக்கச் சொல்லுங்கோ மிஸ்" என்றான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அவன் சாம்பல்தீவு தான்.

மார்ச் 2

மாலை, பொன்னாடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் பேச்சில் அது இல்லை. காரணம் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாராட்டு விழாவுக்குப் போனேன். நல்ல கைத்தேர்ச்சி உள்ள ஒரு கலைஞருக்காக வைத்த விழா. மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைக்கு மேல் வாழ்த்துரை. வந்திருந்த பிரமுகர் ஒவ்வொருவருக்கும் மாலை. அந்தக் கலைஞர் மேடையில் ஓரக் கதிரையில் இருந்தார். கடைசியில் அவரிடம் ஒலிவாங்கியைக் கொடுக்கிற நேரம் பாதிச் சனம் எழும்பிவிட்டது. அவர் "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். அவர் செய்கிற வேலை என்ன, எப்படிப் பழகினார், எது கஷ்டம், ஒன்றும் எவருக்கும் தெரியாமலே விழா முடிந்தது. இப்போது அவர் உயிரோடு இல்லை. அவரிடம் இருந்த அறிவில் ஒரு சொட்டைக்கூட அந்தப் பின்னேரம் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதை நினைக்க எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆகவே எங்கள் ஒழுங்கு இது: பேசுகிறவர் தன்னுடைய வேலைப் பொருளை மேசைக்குக் கொண்டு வரவேண்டும். பார்க்கிறவர்கள் அதைக் கையில் தொட வேண்டும். அறிமுகம் நான்கு வசனம், அதற்கு மேல் வேண்டாம்.

மார்ச் 4

கிண்ணியாவில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறா: இந்த மாதம் நோன்பு, பின்னேரப் பேச்சுக்கு எப்படி வருவது என்று. சரியான கேள்வி. மார்ச் பேச்சைக் காலையில் வைக்கிறோம்.

மார்ச் 24

இந்த முறை பேசியவர் படகின் பின்னால் பூட்டுகிற வெளியிணைப்பு மோட்டார் திருத்துகிறவர். கடற்கரை வீதிகளில் கண்டிருப்பீர்கள், தகரக் கொட்டிலில், சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, பீப்பாய்த் தண்ணீருக்குள் என்ஜினை இறக்கிச் சோதித்துக்கொண்டு இருப்பார். அவருடைய பெயரை இங்கே போடவில்லை, அவர் விரும்பவில்லை.

மேசையில் வைத்தது ஒரேயொரு பொருள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரப்பர்ச் சக்கரம், ஆறு இதழ். இம்பெல்லர் என்று சொன்னார். கடல் தண்ணீரை உறிஞ்சி என்ஜினைக் குளிரவைப்பது இது தான். புதியது ஒன்று, பழையது ஒன்று. புதியதில் இதழ்கள் நேராக நின்றன, விரலால் மடக்கினால் துள்ளி எழும்பின. பழையதில் எல்லா இதழும் ஒரே பக்கம் சரிந்து, ஓரம் தேய்ந்து, நகத்தால் அழுத்தினால் வெடிக்கிற அளவுக்குக் காய்ந்திருந்தது. இரண்டையும் வரிசை வரிசையாகக் கைமாற்றி விட்டார்.

"போட்டைக் கரையில இருந்து தள்ளேக்கையே ஸ்டார்ட் பண்ணுவினம். அப்ப தண்ணியோட மண்ணையும் சேர்த்து உறிஞ்சும். அது தான் இதைத் தின்னுறது." என்ஜினின் பின்னால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பாயும், கண்டிருப்பீர்கள். அந்தத் தாரை மெலிந்தால் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கவனியாமல் ஆழ்கடலுக்குப் போகிறவன் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்றார். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டாலே ரப்பர் கருகிவிடும்.

போர்க் காலத்தில் பெரிய என்ஜினுக்குத் தடை, உதிரிப்பாகமும் வராது. அந்த நாளில் லொறி டயரில் இருந்து இந்தச் சக்கரத்தை வெட்டியெடுத்திருக்கிறார். "சில நாள் தான் தாக்குப் பிடிக்கும், ஆனா அந்தச் சில நாளும் வீட்டில அடுப்பு எரியும்."

கேள்வி நேரம் மண்ணெண்ணெய்க்குப் போய்விட்டது, எதிர்பார்த்தது தான். இந்த என்ஜின்கள் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடுபவை. நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி, காபரேட்டருக்குள் பெற்றோல் நிற்கவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் குளிர்ந்த என்ஜின் எழும்பாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரேயடியாக 87 ரூபாயில் இருந்து 340 க்குப் போனபோது என்ன நடந்தது என்று அவர் சொல்லத் தொடங்க, மண்டபத்தில் பாதிப் பேர் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். நான் நிறுத்தவில்லை.

ஒரு உயர்தர மாணவன் கேட்டான்: "இதழ் ஏன் ஆறு, எட்டு வைச்சால் என்ன?" அவர் சிரித்துவிட்டு, "தம்பி, நீங்க படிச்சு வந்து எனக்குச் சொல்லுங்கோ" என்றார்.

ஏப்ரல் 6

பொன்னாடையைப் பற்றி மார்ச் 2 இல் எழுதியதைத் திரும்ப யோசிக்க வேண்டி வந்தது.

மோட்டார்த் திருத்துநரின் மனைவியைச் சந்தையில் கண்டேன். பேச்சு நல்லது என்று சொன்னா. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒரு சால்வையாவது போட்டிருக்கலாம் டீச்சர். அவருக்கு ஒரு நாளும் ஆரும் போட்டதில்லை" என்றா.

நான் அடிக்கடி மேடை காண்கிற ஆட்களை மனதில் வைத்துக்கொண்டு சட்டம் போட்டிருக்கிறேன். கிறீஸ் படிந்த கையோடு நாற்பது வருடம் வேலை செய்த ஒருவருக்கு, ஊர் பார்க்கத் தோளில் விழுகிற ஒரு துணி வேறு விசயம். ஆகவே இனி: பொன்னாடை உண்டு, ஒன்றே ஒன்று, பேச்சு முடிந்த பிறகு, பேசியவருக்கு மட்டும். போர்த்துகிறவர் பிரமுகராக இருக்கக் கூடாது. அவரிடம் தொழில் பழகியவர் எவராவது இருந்தால் அவர், இல்லாவிட்டால் அன்றைக்கு நல்ல கேள்வி கேட்ட பிள்ளை. வாழ்த்துரை இன்னமும் கிடையாது, அதில் மாற்றம் இல்லை.

அவர் வீட்டுக்குப் பிந்தியாவது ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவரிடம் தொழில் பழகுகிற பொடியனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஏப்ரல் 7

கோணேசர் கோயிலின் கடலடி இடிபாடுகளைக் கண்டுபிடித்த ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றிப் பேச்சு வைக்கச் சொல்லி இரண்டு மூன்று பேர். 1956 இல் அவரும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் மூழ்கிக் கற்றூண்களைப் பார்த்தது பெரிய விசயம் தான், மறுக்கவில்லை. 1622 இல் போர்த்துக்கீசர் இடித்த கோயில், அதன் கல்லைக் கொண்டு கோட்டை, மிச்சம் கடலுக்குள். அதைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள்.

ஆனால் கிளார்க்கைப் பற்றிப் பேச உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. எனக்கு வேறொருவர் தேவை. 1950 இல் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து சோமாஸ்கந்தர், அம்மன் எல்லாம் வெண்கலத் திருமேனிகளாக வெளிவந்தன. சோழர் காலத்து வேலைப்பாடு. 1963 இல் கும்பாபிஷேகம் நடந்த கோயிலுக்கு அந்தத் திருமேனிகள் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கிணற்றை வெட்டிய கூலியாட்கள் யார்? மண்வெட்டி உலோகத்தில் முட்டியதும் நிறுத்தி, கையால் மண்ணை விலக்கியவர் ஒருவர் இருந்திருப்பார். அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த ஊரில் தான் இருப்பார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 27

நேற்று வீணை.

ஒரு சங்கீத ஆசிரியை தன்னுடைய வீணையோடு வந்தா. பக்கத்தில் நான், தையற்காரரின் அளவு நாடாவோடு. தலைப்பு விபுலானந்த அடிகளின் யாழ் ஆராய்ச்சி. அடிகளார் காரைதீவு, ஆனால் 1920களில் இங்கே இராமகிருஷ்ண சங்கப் பள்ளியைப் பொறுப்பாக நடத்தியவர். எங்கள் ஊரின் முந்தின தலைமுறைகள் அவரிடம் படித்திருக்கின்றன, அந்த உரிமையோடு எடுத்துக்கொண்டோம். துறவியாகும் முன் விஞ்ஞானம் படிப்பித்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. யாழ் நூலைத் திறந்தால் பக்கம் பக்கமாகக் கணக்கு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சிலப்பதிகாரம் சொல்கிற ஏழு சுரங்களையும் அதிர்வெண் விகிதங்களாக மாற்றிப் பழைய யாழைத் திருப்பி எழுப்பப் பார்த்தார். 1947 ஜூனில் நூல் அரங்கேறியது, ஜூலையில் அவர் மறைந்தார்.

பிள்ளைகள் அளந்தார்கள். குதிரையில் இருந்து மேரு வரை கம்பியின் முழு நீளம். பிறகு பஞ்சமத்து மெட்டு, அதாவது கம்பியை அழுத்துகிற உலோகக் கட்டை வரை. பழைய பெயரில் அது இளி. மூன்றில் இரண்டு பங்கு வரவேண்டும், கிட்டத்தட்ட வந்தது. மேல் ஸ்தாயிச் சட்ஜம் சரிபாதியில். மத்திமம் முக்கால் பங்கில். ஆசிரியை மீட்டிக் காட்ட, காதால் கேட்டதும் நாடாவில் பார்த்ததும் ஒன்றாகப் பொருந்திய அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சுரமானிப் பரிசோதனையை நான் எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறேன், ஒருவரும் இப்படி வாய் பிளந்து பார்த்ததில்லை.

ஏன் சரியாக மூன்றில் இரண்டு வரவில்லை என்று ஒரு பிள்ளை விடாமல் கேட்டா. கம்பியை மெட்டின் மேல் அழுத்தும்போது இழுவிசை கொஞ்சம் கூடும், சுரம் ஏறும். அதற்கு ஈடாக மெட்டைச் சற்றுத் தள்ளி வைத்திருப்பார்கள். வைப்பது அளவுகோலால் இல்லை. மெழுகை இளக்கி, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி வைப்பது. இந்தப் பதிலைச் சொன்னது நான் இல்லை, சங்கீத ஆசிரியை. இழுவிசை என்ற சொல்லை அவ பாவிக்கவில்லை, ஆனால் விசயம் அது தான்.

பொன்னாடையை அந்த விடாக்கண்டிப் பிள்ளை போர்த்தினா.

மே 4

பிரமிளுக்குப் பேச்சு வைக்கலாமா என்ற வாதம் தனியாக நீண்டுகொண்டு போகிறது, ஆகவே என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். "ஊரை விட்டுப் போனவர், தமிழ்நாட்டு எழுத்தாளர்" என்று ஒரு பக்கம். 1939 இல் இங்கே பிறந்து, இருபது வயதளவில் இங்கே இருந்தபடியே சென்னை 'எழுத்து' பத்திரிகைக்கு எழுதி, அங்குள்ள பெரியவர்களையே திரும்பிப் பார்க்க வைத்தவர். பிறகு போனார், 1997 இல் வேலூருக்குப் பக்கத்தில் இறந்தார். எழுத்தோடு ஓவியம் தீட்டினார், களிமண்ணில் உருவம் செய்தார். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதியிருக்கிறார், கலையும் விஞ்ஞானமும் என்று நாங்கள் போட்ட அறிவித்தலுக்கு இவரை விடப் பொருத்தமானவர் யார்? போனது அவர் குற்றமா, ஊர் குற்றமா என்ற விசாரணை எனக்குத் தேவையில்லை. வைப்போம்.

ஆனால் அதற்கு முன்னால் போகாமல் இருந்தவர்களுக்கு இடம். வ. அ. இராசரத்தினம் மூதூரில் ஆசிரியராக இருந்துகொண்டே எழுதினார். சொந்தத் தோணிக்கு ஏங்குகிற கடற்றொழிலாளி வீட்டுப் பிள்ளையை வைத்து அவர் எழுதிய 'தோணி' கதையை நான் ஒவ்வொரு வருடமும் படிக்கிறேன். மூதூர்ப் பேச்சை மூதூரில் தான் வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இப்போது பாலங்கள் வந்துவிட்டன, தரைவழியே போகலாம், லாஞ்சுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது.

மே 18

மூதூர்ப் பேச்சு. இராசரத்தினத்தைப் பற்றிப் பேசினோம், ஒருவர் 'தோணி'யைச் சத்தமாக வாசித்தார், நல்ல வாசிப்பு. அதை அதிகம் எழுதப் போவதில்லை, ஏனென்றால் அன்றைக்கு அதன் பிறகு பேசியவர் என்னை முழுக்கப் பிடித்துக்கொண்டுவிட்டா.

ஓய்வு பெற்ற குடும்பநல மாது. போர்க் காலம் முழுக்க இந்தப் பக்கத்தில் வேலை செய்தவ. மேசைக்கு வைத்தது நீல நிறத் தடுப்பூசிப் பெட்டி, உள்ளே ஐஸ் பொதிகள். திருகோணமலையில் ஏற்றி, கொட்டியாரக் குடாவைக் கடந்து, பிறகு சைக்கிளில். உள்ளே 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும்.

நாங்கள் எல்லோரும் சூடாகிவிடக் கூடாது என்று தான் நினைப்போம். அவ சொன்னது, குளிர் கூடினாலும் ஆபத்து. முக்கூட்டுத் தடுப்பூசி உறைந்தால் பழுது. ஆகவே ஐஸ் பொதியை உறைநிலைப் பெட்டியில் இருந்து எடுத்தவுடன் வைக்கக் கூடாது. மேசையில் விட்டு, வியர்க்கவிட்டு, காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்க வேண்டும். அப்போது தான் அடுக்க வேண்டும். ஒரு பொதியை எங்கள் எல்லோரின் காதுக்கும் கொண்டு வந்து குலுக்கிக் காட்டினா.

உறைந்து இளகியதா என்று சந்தேகம் வந்தால், வேண்டுமென்றே உறையவைத்து இளக்கிய ஒரு குப்பியோடு பக்கத்தில் வைத்து இரண்டையும் குலுக்கிப் பார்க்க வேண்டும். பழுதானதில் துகள் துகளாகத் திரண்டு கெதியாக அடியில் படியும். மின்சாரம் இல்லாத ஊரில், குண்டுச் சத்தத்துக்கு நடுவில், ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்திருக்கிறா.

போலியோச் சொட்டு மருந்து நாட்களுக்காக 1995 தொடக்கம் இரண்டு தரப்பும் சண்டையை நிறுத்தின. 1993 க்குப் பிறகு இந்த நாட்டில் போலியோ இல்லை. அதைச் செய்தது யார் என்று கேட்டால் உலக நிறுவனங்களின் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த பெண்ணின் பெயரை எந்த விழாவிலும் நான் கேட்டதில்லை.

ஒரு தாய் எழும்பி, "இவ தான் எனக்கு ஊசி போட்டவ, என்ர பிள்ளைக்கும் போட்டவ" என்றா. பொன்னாடையை அந்தத் தாயும் மகளுமாகப் போர்த்தினார்கள்.

மே 19

முதலில் கேள்வி கேட்ட தம்பிக்கு: ஆள் முடிந்ததா? அடுத்த வருடம் வரைக்கும் பட்டியல் நிறைந்திருக்கிறது. நீங்கள் கேட்டது நல்லதுக்குத் தான். உங்களைப் போல நினைக்கிறவர்கள் தான் ஊரில் அதிகம், அவர்களுக்காகத் தான் இந்த வேலை.

ஜூன் 1

ஒலிப்பதிவுகள் பற்றி. எல்லாப் பேச்சையும் கைபேசியில் பதிந்திருக்கிறோம், பேசியவரின் சம்மதத்தோடு. காற்றுச் சத்தம் அதிகம். கடற்கரையில் பதிந்தது பயன்படாது. இனி சட்டையில் குத்துகிற ஒலிவாங்கி ஒன்று வாங்க வேண்டும். 2005 இல் இருந்து ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வருகிற நூலகம் திட்டத்தில் இப்படியான வாய்மொழிப் பதிவுகளுக்கும் இடம் உண்டு, அங்கே சேர்ப்பது தான் நோக்கம். எங்களிடம் மட்டும் இருந்தால் ஒரு கைபேசி கடலில் விழ எல்லாம் போய்விடும்.

கேட்டு எழுதித் தரக்கூடியவர்கள் தேவை. பேசியபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். "பேந்து" என்று சொன்னால் "பேந்து" என்றே இருக்கட்டும்.

சிங்கள நண்பர்கள் இரண்டு பேர், கந்தளாய்ப் பக்கத்து விவசாயி ஒருவர் குளத்து மடையைப் பற்றிப் பேசத் தயாராக இருக்கிறார் என்றார்கள். மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது. வசனத்துக்கு வசனம் மொழிபெயர்த்தால் இழுபடும், ஆகவே அவர் மண்ணில் கீறிக் காட்டுவதை முதலில் பார்ப்போம், கதையைப் பிறகு கேட்போம் என்று பேசியிருக்கிறோம்.

ஜூன் 15

கிண்ணியாப் பேச்சு ஜூலையில். 2009 இல் பாலம் திறப்பதற்கு முன் பாதை, அதாவது வாகனங்களை ஏற்றிக் கடக்கிற மிதவை, ஓட்டியவர் ஒருவர் வருகிறார். நீரோட்டம் மாறுகிற நேரத்தில் வாகனங்களை எப்படி நிறை பார்த்து ஏற்றினார்கள் என்று காட்டப் போகிறார். தீப்பெட்டிகளை வாகனமாக வைத்து, தண்ணீர்த் தொட்டியில் பலகையை மிதக்கவிட்டு. நான் எழுதிக் கொடுத்த யோசனை இல்லை, அவராகச் சொன்னது.

நேரம் பற்றிப் பெண்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டோம். மஃரிபுத் தொழுகைக்கு முன் எல்லோரும் வீடு சேர வேண்டும். ஆகவே பின்னேரம் மூன்றரைக்குத் தொடக்கம், ஐந்தரைக்கு முடிவு. நகரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு பஸ் நிலையத்தில் இரண்டரைக்கு வான் நிற்கும். பழைய பாதையின் புகைப்படம் எவரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள், அங்கேயே பிரதி எடுத்துவிட்டுக் கையோடு திருப்பித் தருவோம். தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின் இன்னமும் தேவைப்படுகிறது, மூன்றடியாவது அகலம் வேண்டும்.